எழுதுவினைஞர் மேசை

அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்குச் சென்று திரும்பும் ஒருவரை வழியிற் கண்டு, "போன காரியம் என்னவாயிற்று?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று மறுமொழிகளுள் ஒன்று கிடைக்கும். "ஐயா இல்லையாம்" என்பது ஒன்று. "கோவையைக் காணவில்லையாம்" என்பது மற்றொன்று. "அடுத்த கிழமை வரட்டாம்" என்பது மூன்றாவது. இம்மூன்றையும் சொன்னவர் யார் என்று விசாரித்தால், கதவுக்கு அருகிலுள்ள மேசையில் இருந்த எழுதுவினைஞர் என்று அறிவோம். தீர்மானம் செய்பவர் உள்ளறையில் இருக்கிறார். கையொப்பம் இடுபவரும் அவரே. ஆனால், தீர்மானம் தாமதித்தமைக்காக ஏச்சு வாங்குபவர் வெளியே இருக்கிறார். இந்த வெளிமேசையைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

இவருக்கு நம் நாட்டில் வழங்கிய பெயர்கள் பல. என் தந்தையார் காலத்தில் 'கிளாக்கர்' என்றார்கள். கடிதங்களில் 'லிகிதர்' என்று எழுதினார்கள். பின்னர் 'எழுதுவினைஞர்' என்னும் நல்ல தமிழ்ச்சொல் வந்தது. இப்பொழுது உத்தியோகபூர்வமாக 'முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர்' என்கிறோம். பெயர் நீண்டதேயன்றி மேசை அகலவில்லை என்று ஒரு நண்பர் பகிடியாகச் சொல்வார். 'கந்தோர்' என்னும் சொல்லே ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்றது. ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்து, அவரும் போய்ப் பல்லாண்டுகள் ஆகியும், கந்தோர் மட்டும் போகவில்லை.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. நிலம் சிறிது, நீர் குறைவு, மிஷன் பாடசாலைகள் அதிகம் என்றிருந்த ஒரு குடாநாட்டில் அப்பழமொழி பிறந்தது வியப்பன்று. 1905 இல் புகையிரதம் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பின்னர், ஆங்கிலம் கற்ற இளைஞர் கொழும்புக்கும், கடல் கடந்து மலாயாவுக்கும் எழுதுவினைஞராகச் சென்றனர். மலாயாவின் புகையிரதக் கந்தோர்களிலும் திறைசேரிகளிலும் அவர்கள் எழுதிய பேரேடுகளின் வருமானத்தில் எழுந்த கல்வீடுகள் இன்றும் நம் ஊர்களில் நிற்கின்றன. உத்தியோகத்தின் பெருமையை அவ்வீடுகள் சொல்லும். அந்த உத்தியோகத்தில் ஒரு மனிதர் நாள்தோறும் என்ன செய்தார் என்பதைச் சொல்வார் இல்லை. பிள்ளைகளிடம் "என்னவாக வர விரும்புகிறாய்?" என்று கேட்கும் ஆசிரியர்களாகிய நாமும் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி என்று அடுக்குவோமேயன்றி, அவர்களிற் பலர் சென்று சேரப்போகும் மேசையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

ஆகையால், ஒரு கடிதத்தைப் பின்தொடர்ந்து செல்வோம். காலையிலே தபால் வருகிறது. உறை உடைக்கப்படுகிறது. கடிதத்தின் நெற்றியில் திகதி முத்திரை பதிகிறது. வரும் தபால் பதிவேட்டில் இலக்கம், அனுப்பியவர், விடயம் ஆகியன எழுதப்படுகின்றன. பின்னர் அது மேலதிகாரியிடம் செல்கிறது. அவர் ஓரத்திலே சிவப்பு மையாலோ பச்சை மையாலோ இரண்டு எழுத்துகள் கிறுக்கி அனுப்புகிறார். அக்கிறுக்கலுக்குப் பொருள் காண்பதே ஒரு தனிக் கல்வி. 'பேசுக' என்றால் கோவையுடன் உள்ளே வா என்பது. 'மீளச் சமர்ப்பிக்க' என்றால், இன்று எனக்கு மனம் இல்லை, பத்து நாள் கழித்து நினைவூட்டு என்பது. அதன்பின் உரிய கோவையைத் தேடி எடுக்க வேண்டும். பழைய கடிதங்களோடு புதியதைத் துளையிட்டுக் கோத்து, தாள் இலக்கம் இட வேண்டும். கோத்து வைப்பதாற்றான் அதற்குக் கோவை என்று பெயர். கோக்காமல் இடையிலே செருகி வைத்த ஒரு கடிதம் எந்த நேரமும் நழுவிப் போகலாம். நழுவியது ஒருவருடைய மேன்முறையீடாகவும் இருக்கலாம். அடுத்து, முன்னர் நடந்தவற்றைச் சுருக்கிக் குறிப்பு எழுதுதல், சுற்றுநிருபத்தில் இடம் உண்டோ என்று பார்த்தல், மறுமொழி வரைதல், தட்டெழுதுதல், கையொப்பத்துக்கு வைத்தல், பிரதி எடுத்தல், அனுப்பும் தபாற் பதிவேட்டில் எழுதுதல் என்று வேலைகள் தொடரும்.

நான்கு வரிக் கடிதம் ஒன்றுக்கு இவ்வளவும் உண்டு. ஒரு நாளைக்கு இத்தகைய கடிதங்கள் முப்பதோ நாற்பதோ வரலாம். இடையிலே தொலைபேசி மணி அடிக்கும். வரவு இடாப்பிற் சிவப்புக்கோடு இழுத்த பின்னர் வந்தவர் "ஒரு நிமிடந்தான் பிந்தியது" என்று வாதாடுவார். உள்ளறையிலிருந்து "அந்தக் கோவை எங்கே?" என்று குரல் வரும். 'அந்த' என்பது எந்தக் கோவையைக் குறிக்கும் என்று அறிபவரே தேர்ந்த எழுதுவினைஞர். காலை 8.30 இற்குத் தொடங்கி மாலை 4.15 இற்கு முடியும் கடமை நேரத்திலே, இடையூறு இன்றி ஒரே காரியத்தைக் கால்மணி நேரம் செய்ய இயலுமாயின் அது பாக்கியமான நாள்.

நான் பாடசாலை அதிபர். பாடசாலைக் கந்தோர் சிறியது. ஆயினும் அதில் நடக்கும் எழுத்து வேலையிற் பிள்ளைகளின் பிற்கால வாழ்வு தங்கியிருக்கிறது. சேர்விடாப்பு என்னும் பெரும் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த திகதி, பெற்றார் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியன அதில் உண்டு. அதில் எழுதியதே பின்னர் விடுகைப் பத்திரமாகிறது, பரீட்சை விண்ணப்பமாகிறது, அதிபரின் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குச் செல்லும் அடையாள அட்டை விண்ணப்பமாகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், சேர்விடாப்பில் ஓர் எழுத்துக் கூடிய அல்லது குறைந்த பெயர் என்றிருந்தால், அப்பிள்ளை இருபது ஆண்டுகளின் பின்னர் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் வேளையில் அந்த ஓர் எழுத்து வழிமறித்து நிற்கும்.

நம்மவர் பெயர்களின் தொல்லையோ சொல்லுந் தரமன்று. தமிழிலே 'சிறி' என்றும் எழுதுவர். 'ஸ்ரீ' என்றும் எழுதுவர். யோகேஸ்வரன் என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'வி' இடுவார், மற்றொருவர் 'டபிள்யூ' இடுவார். தந்தையின் பெயர் முன்னே வருமோ பின்னே வருமோ என்பதும் படிவத்துக்குப் படிவம் மாறும். மலையகத் தோட்டப் பகுதிகளிலே பிறப்புச் சான்றிதழ் சிங்களத்திற் பதியப்பட்டு, பெயர் அங்கேயே ஒரு முறை உருமாறி, பின்னர் தமிழுக்கு வரும்போது மறு முறையும் உருமாறுவது உண்டு. இவற்றை எல்லாம் ஒப்புநோக்கித் தந்தையையோ தாயையோ அழைத்து, "இதுதானா சரியான எழுத்து?" என்று கேட்டு, சான்றிதழை மீண்டும் பார்த்து எழுதும் எழுதுவினைஞர் ஒருவருக்கு அரைமணி நேரம் கூடுதலாகச் செல்லும். அந்த அரைமணி நேரம் எந்தக் கணக்கிலும் வராது. அதைச் செய்யாமல் விட்டவரும் அவரும் ஒரே சம்பளந்தான் பெறுகின்றனர்.

வடக்கிலும் கிழக்கிலும் இத்தொழிலுக்கு இன்னொரு சுமையும் சேர்ந்தது. 1995 ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் புறப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கரையோரத்தை வாரிச் சென்றது. 2009 வரை வன்னி மக்கள் இடத்துக்கு இடம் ஓடினார்கள். மனிதர் உயிர் தப்புவதே பெரிதாக இருந்த வேளையிலே கோவைகளை யார் நினைப்பார்? எனினும் நினைத்தவர்கள் இருந்தார்கள். நான் முன்னர் கடமையாற்றிய பாடசாலை ஒன்றில் இருந்த எழுதுவினைஞர், இடம்பெயர்ந்த அன்று சேர்விடாப்புகளையும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் ஓர் உரப்பையிற் கட்டித் துவிச்சக்கர வண்டியின் பின்புறத்தில் ஏற்றிச் சென்றவர். வீட்டுப் பொருள்களிற் பாதியை விட்டுவிட்டாரே என்று மனைவியார் பல ஆண்டுகள் குறை சொன்னதாக அவரே சிரித்துக்கொண்டு கூறுவார்.

அப்புத்தகங்களின் பெறுமதி பின்னரே தெரிந்தது. ஓர் ஆசிரியை ஓய்வுபெறும் வயதை அடைந்தார். ஐந்து பாடசாலைகளிற் படிப்பித்தவர். ஓய்வூதியம் வழங்குவதற்கு முதல் நியமனக் கடிதம் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் சம்பள ஏற்றம் வழங்கப்பட்டமைக்குப் பதிவு வேண்டும். சம்பளமற்ற விடுமுறை எடுத்தாரா என்பது தெரிய வேண்டும். விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் வேண்டும். அவரது தனிப்பட்ட கோவையோ போர்க்காலத்தில் அழிந்து போயிற்று. மேலிடத்துக் கந்தோர் ஒன்றிலிருந்து "ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும்" என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. இல்லாத ஆவணத்தை எவ்வாறு சமர்ப்பிப்பது? எங்கள் எழுதுவினைஞர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பழைய சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, "இன்னார் இன்று கடமையேற்றார்" என்னும் அதிபரின் ஒற்றை வரியைக் கண்டுபிடித்தார். மற்றைய நான்கு பாடசாலைகளுக்கும் கடிதம் எழுதினார்; இரண்டுக்கு நேரிலே சென்றார். பழைய சம்பளப் பட்டியல்கள், வரவு இடாப்புகள், உடன் படிப்பித்தவர்களின் சத்தியக் கடதாசிகள் என்று சேர்த்து, ஓர் ஆண்டுக்கு மேலாக அந்தக் கோவையை மீண்டும் கட்டினார். எரிந்த வீட்டை ஒருவர் கல்லும் மண்ணும் கொண்டு திருப்பிக் கட்டினால் ஊரே அறியும். எரிந்த கோவை ஒன்றைத் திருப்பிக் கட்டியவரை அவருக்கு எதிரே இருந்த நானும், அந்த ஆசிரியையும் மட்டுமே அறிவோம்.

இனி, மொழி. இதைப் பேசாமல் இலங்கையில் எழுதுவினைஞரைப் பற்றிப் பேச இயலாது. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. அச்சட்டத்தின் தாக்கத்தை முதலிற் கண்டவர்களுள் ஒருவர் கந்தோர் மேசையில் இருந்த தமிழ் எழுதுவினைஞர். ஆங்கிலத்திலே பதினைந்து இருபது ஆண்டுகள் பழுதின்றி வேலை செய்தவர், நாற்பது வயதில் அரிவரி கற்கும் பிள்ளையாகச் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு உட்கார வேண்டியதாயிற்று. சித்தியடையாதவர்களின் சம்பள ஏற்றம் தடைப்பட்டது. சிலர் மானத்தைக் கருதி ஓய்வு பெற்றனர். குடும்பத்தைக் கருதிச் சிலர் எழுத்துக்கூட்டிப் படித்தனர். இருசாராரையும் நான் மதிக்கிறேன்.

1987 இல் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாகத் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபம், அவ்வாண்டு ஜூலை முதலாந் திகதிக்குப் பின்னர் சேர்ந்த உத்தியோகத்தர், சிங்களமாயினும் தமிழாயினும் தமக்குரியதல்லாத மற்றைய அரசகரும மொழியில் ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று விதித்தது. சட்டம் இவ்வாறு இருக்க, தமிழ்ப் பாடசாலை ஒன்றுக்குச் சிங்களத்தில் மாத்திரம் ஒரு கடிதம் வந்து சேரும் நாளும் உண்டு. அன்று எழுதுவினைஞர் மொழிபெயர்ப்பாளராகவும் மாற வேண்டும். பதிலளிக்க வேண்டிய கடைசித் திகதி நாளை மறுநாள் என்றிருக்க, அக்கடிதத்தின் நடுப்பகுதியிலே ஒரு சொல் விளங்காமல் நின்றால், அயற் கந்தோருக்குத் தொலைபேசியிற் பேசித் தெரிந்தவர் ஒருவரைப் பிடிக்க வேண்டும். தென்னிலங்கைக் கந்தோர் ஒன்றிலே படிவத்தை வாசிக்கத் தெரியாமல் நிற்கும் தமிழ்த் தாய்க்கும் இதே நிலைதான். அவருக்கு எதிரே இருக்கும் சிங்கள உத்தியோகத்தர் நான்கு வார்த்தை தமிழ் பேசினால், அரசியலமைப்பு அந்த மேசைக்கு வந்துவிட்டது என்பேன். பேசாவிட்டால் அது கொழும்பிலேயே நின்றுவிட்டது.

தட்டெழுத்தைப் பற்றி ஒரு சிறு செய்தி. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா அவர்கள், யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886 இற் பிறந்து, மலாயாவுக்குச் சென்று கந்தோர் உத்தியோகம் பார்த்தவர். ஆங்கிலத்துக்கு இருக்கும் பொறி தமிழுக்கு இல்லையே என்று ஏங்கியவர். தமிழ் எழுத்துகளோ இருநூற்று நாற்பத்தேழு. பொறியிலுள்ள விசைகளோ சில. குறிகளைத் தனியே அச்சிட்டு, தாள் நகராமல் நிற்க, அடுத்த எழுத்தை அதனோடு பொருத்தும் நகரா விசையை அவர் அமைத்தார். கந்தோர் மேசையில் நாள்தோறும் கைநோக எழுதிய ஒருவருக்கன்றி வேறு எவருக்கு இந்த எண்ணம் உதித்திருக்கும்?

அப்பொறிகளின் சத்தம் இன்று அடங்கிவிட்டது. மை ஒட்டிய விரல்களோடு றோனியோ சுற்றி வினாத்தாள் அடித்த காலமும் போய்விட்டது. கணினி வந்தது, வேலை குறையும் என்றார்கள். முன்னர் ஒரு பதிவேட்டில் எழுதியதை இப்பொழுது பதிவேட்டிலும் எழுதி, கணினியிலும் பதிந்து, மின்னஞ்சலிலும் அனுப்பி, அனுப்பியதாகத் தொலைபேசியிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பாமினி எழுத்துருவிலே அடித்த பழைய கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால், மந்திரவாதியின் தகட்டில் உள்ளதைப் போன்ற குறிகள் தோன்றும். யூனிகோட் முறை வந்த பின்னர் இத்தொல்லை குறைந்திருக்கிறது. பத்தாண்டுக் கடிதங்களைத் திரும்ப அடிக்கும் வேலை மட்டும் குறையவில்லை.

எழுதுவினைஞரின் கஷ்டங்களுட் பெரிது வேலைப் பளு என்று நான் கருதவில்லை. பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை என்னும் நிலையே பெரிது. காசுக் கணக்கில் ஐந்து ரூபாய் பொருந்தாவிட்டால் கணக்காய்வு ஐயவினா அவர் மேசைக்கு வரும். மேலதிகாரி வாய்மொழியாக "செய்யுங்கள்" என்று சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லாவிட்டால், மூன்று ஆண்டுகளின் பின்னர் விளக்கம் எழுத வேண்டியவரும் அவரே. "இதைக் கோவையில் ஒரு குறிப்பாக எழுதித் தாருங்கள், ஐயா" என்று மரியாதையோடு கேட்கும் துணிவு எழுதுவினைஞருக்கு வேண்டும். அப்படிக் கேட்டவர்மீது சினக்காத பண்பு அதிகாரிக்கு வேண்டும். முன்னதைவிடப் பின்னதே அரிது. பெண் உத்தியோகத்தர் பெருகியுள்ள இக்காலத்திலும், கூட்டம் நடந்தால் தேநீர் பரிமாறும் வேலை கேளாமலே அவர்களிடம் போய்ச் சேருவதை நான் பல இடங்களிற் கண்டிருக்கிறேன். அது எந்தக் கடமைப் பட்டியலிலும் எழுதப்பட்டதன்று.

எழுதுவினைஞரே இல்லாத சிறு பாடசாலைகளும் பல. அங்கே கணித ஆசிரியர் சம்பளப் பட்டியல் தயாரிக்க, வகுப்பறையில் பிள்ளைகள் காத்திருப்பர்.

தம் நிலையைத் திருத்த இவர்கள் முயலாமலும் இல்லை. 1947 இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் அரசாங்க எழுதுவினைஞர் சேவைச் சங்கம் முன்னின்றது. அச்சங்கத்தை வழிநடத்தி, அதனால் உத்தியோகம் இழந்த ரி. பி. இலங்கரத்தின, பின்னாளில் அமைச்சரானார். அவ்வாண்டு ஜூன் 5 ஆந் திகதி கொழும்பிலே ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டபோது கந்தசாமி என்னும் எழுதுவினைஞர் உயிரிழந்தார். சிங்கள எழுதுவினைஞரும் தமிழ் எழுதுவினைஞரும் தோளோடு தோள் நின்ற நாள் அது. ஒன்பது ஆண்டுகளின் பின்னர் அவர்களை ஒரு சட்டம் இரு கூறாக்கியது என்பதை நினைக்கும்போது மனம் நொந்துபோகிறது.

நேயர்களே, உங்களிற் பலர் கந்தோர்களுக்குக் கடிதம் எழுதுபவர்கள். ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வந்த அரசாங்கக் கடிதத்தின் மேலே 'எனது இல.' என்று ஓர் இலக்கம் இருக்கும். அதுவே உங்கள் கோவையின் இலக்கம். மறுமொழி எழுதும்போது அதனை 'உமது இல.' என்று குறித்து, அக்கடிதத்தின் திகதியையும் எழுதுங்கள். கோவையைத் தேடும் வேலையிற் பாதி அங்கேயே முடிந்துவிடும். ஒரு கடிதத்தில் ஒரு விடயத்தை மட்டும் எழுதுங்கள்; சம்பளத்தையும் இடமாற்றத்தையும் சேர்த்து எழுதினால், கடிதம் ஒரு கோவையிலும் உங்கள் காரியம் இன்னொரு கோவையிலும் கிடக்கும். மூலப் பத்திரத்தை அனுப்பாமல் பிரதியை அனுப்புங்கள். அனுப்பியதன் பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். அவசரமான விண்ணப்பமாயின் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரிலே வருவதாயின், காலையில் தபாற் பதிவு முடிந்த பின்னர், பத்து மணியளவில் வருவது உங்களுக்கும் வசதி, மேசையில் இருப்பவருக்கும் வசதி.